வீட்டைப் பார்த்து நீந்திய மீன்

உன் படம் என் கடைக்கு வந்திருக்கிறது. நீ லீவில் வந்தால் போர்த்திப் படுக்கும் அந்தக் கட்டம் போட்ட போர்வையில் சுற்றி, ரெங்கநாயகியும் கோதையும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்தார்கள். இத்தனை பெரிய சட்டத்தை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம். போர்வையைப் பிரித்ததும் ஈரச் சுவரின் வாடை. இந்த மழைக்கு உன் வீட்டு முன்னறைச் சுவரில் ஓதம் ஏறி, படத்தின் துணியிலும் பூசணம் பிடித்துவிட்டது. திமிங்கலச் சுறாவுக்கு ஏற்கெனவே முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி. எது மீனின் புள்ளி, எது பூசணம் என்று பிரித்தறிய முடியாமல் லென்ஸை வைத்துக்கொண்டு குனிந்திருந்தேன்.

“அண்ணாச்சி, அவிய போன பொறவு இந்தப் படத்தப் பாத்துத்தான் இருக்கேன். எப்பிடியாச்சும் சரிபண்ணிக் குடுத்துருங்க” என்றாள் ரெங்கநாயகி.

உன் மகள் கோதை அதோடு விடவில்லை. கிருஷ்ணன்கோவிலில் அவள் படிக்கும் கல்லூரியில் மாணவர்கள் ஒரு புகைப்படக் கண்காட்சி வைக்கிறார்களாம். “அப்பா பேரப் பெரிசாப் போட்டு வைக்கப்போறேன், மாமா. மாலத்தீவுக் கடலுக்குள்ள நம்மூர்க்காரர் எடுத்த படம்னு. இந்த மீனையெல்லாம் கணக்கெடுக்குற ஒரு வெப்சைட்டுக்கும் அனுப்பப்போறேன். அந்தப் புள்ளியெல்லாம் நம்ம கைரேகை மாதிரியாம். புள்ளிய வச்சே இது எந்த மீனுன்னு சொல்லிருவாங்களாம்.”

“நல்லதும்மா” என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் மறுபடி லென்ஸுக்குக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அந்தப் படத்தை நீ எடுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கம்ப்யூட்டரில் திறந்த அன்றிலிருந்தே அந்த நினைப்புதான். யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஒரு கல்லூரியே வந்து பார்க்கப்போகிறது. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. எவனாவது ஒரு பயல் தேடிப் பிடித்து, இது இன்னொருத்தன் படம் என்று உன் மகள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அவள் என்ன ஆவாள்? நீ இல்லாத வீட்டில் உன் பெயராவது நல்லபடியாக இருக்க வேண்டாமா?

கோபப்படாதே. எதைத்தான் நான் சந்தேகப்படாமல் விட்டேன்? பள்ளிக்கூட நாளில் தேர் பார்க்கப் போய் பால்கோவா வாங்கினால், வாயில் போடும் முன் விரலால் தேய்த்து, மைதா கலந்திருக்கிறானா என்று பார்ப்பேன். “ஏலே, நீ நல்லா டெஸ்ட் பண்ணு. அதுவரைக்கும் நான் தின்னுக்கிடுதேன்” என்று உன் பங்கை முடித்துவிட்டு என் இலையிலும் கைவைப்பாய். உன் சித்தப்பா ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க வந்தபோது, குட்டியின் மூக்கில் இருந்த ரோஸ் நிறம் சாயமாக இருக்குமோ என்று எச்சில் தொட்டுத் துடைத்துப் பார்த்தவன் நான். குட்டி என் விரலைக் கவ்வியது. அன்றைக்குத்தான் எனக்கு ‘டவுட்டு’ என்று பெயர் வைத்தாய். கூடப் படித்தவர்கள் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். நீ மட்டும் விடவில்லை. கடல் தாண்டிப் போன பிறகும் போனை எடுத்ததும் “ஏலே டவுட்டு” தான்.

நான் பிழைக்க வந்த தொழிலும் அந்தக் குணத்துக்குத் தீனி போட்டது. ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவன் எதை நம்புவான், சொல். கல்யாணத்துக்கு வராத அண்ணனை வேறு படத்திலிருந்து வெட்டி எடுத்து மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். கண்ணை மூடிவிட்ட தாத்தாவுக்குக் கண்ணைத் திறந்து விட்டிருக்கிறேன். சிவகாசிப் பக்கமிருந்து வந்த ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அவள் கேட்காமலே பல்வரிசையைச் சரிபண்ணிக் கொடுத்தேன். அவள் அம்மாவே ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, இது யார் பிள்ளை என்று கேட்டாள்.

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. ஆல்பம் செய்கிற எங்களுக்கு ஒரு வேதம் உண்டு. பக்கத்தில் உள்ள முகம் புத்தகத்துக்கு உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. வெளியே பார்த்தால் படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டுவிடுவோம். திருப்பினால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். மாப்பிள்ளையின் சட்டைப் பை வலது நெஞ்சுக்கு வந்துவிடும். மூக்குத்தி பக்கம் மாறிவிடும். வீட்டுக்காரர்கள் ஆல்பத்தை வாழ்நாள் முழுக்கப் புரட்டினாலும் கண்டுபிடிக்க மாட்டார்கள். நான் கண்டுபிடிப்பேன். எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் முந்தானைக்கும் சட்டைப் பைக்கும்தான் போகும். அது வியாதி மாதிரி ஆகிவிட்டது.

நீ ஏசி மெக்கானிக்காக மாலத்தீவுக்குப் போனாய். ஒரு தீவு முழுக்க ஒரே ஓட்டல் என்று நீ சொன்னபோது, தீவு முழுக்க ஓட்டல் என்றால் காய்கறி எங்கே விளைகிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். வேலை இல்லாத நாட்களில் அங்கே முங்குபவர்களோடு சேர்ந்துகொண்டாய். நசீம் என்று அந்த ஊர்க்காரன் ஒருவன், விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிப்போகிறவன், உனக்குக் கற்றுக்கொடுத்தான். “நம்மூர்க் கெணத்துல குதிச்சவனுக்குக் கடல் எம்மாத்திரம்லே?” என்று பெருமை அடித்துக்கொண்டாய். முதல் தடவை காதுக்குள் ஆணி அடித்தமாதிரி வலித்து நீ மேலே ஓடிவந்ததை ரெங்கநாயகிதான் எனக்குச் சொன்னாள்.

ஒருநாள் சாயங்காலம் கடை நிறையக் கூட்டம். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு பெரியவரை உட்கார வைத்துக் கன்னத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். உன் போன்.

“ஏலே டவுட்டு, இன்னைக்கு ஒரு மீனு பாத்தேன். நம்ம டவுன் பஸ்ஸு நீளம்.”

“திமிங்கலமா?”

“திமிங்கலச் சுறா.”

“சுறான்னா கடிச்சிருக்குமே.”

“அது கடிக்காதுலே. வாயத் தொறந்துக்கிட்டே போவும். தண்ணியோட வார பொடிப்பொடி உசுர மட்டும் வடிகட்டித் திங்கும்.”

“பஸ்ஸு நீளத்து மீனு பொடி திங்குதாக்கும்? யாருகிட்டலே கதை விடுத?”

“நம்பாட்டிப் போ. மீனுக்கு என்ன நட்டம்?”

அதன் பிறகு நீ ஒரு பழைய கேமராவையும், அதைப் போட்டு மூடித் தண்ணீருக்குள் கொண்டுபோகிற கெட்டியான கண்ணாடிப் பெட்டியையும் வாங்கினாய். எனக்குப் படங்கள் அனுப்ப ஆரம்பித்தாய். என்ன படங்கள்! எல்லாம் ஒரே பச்சைக் கலங்கல். ஒன்றில் நசீமின் கால் துடுப்பு, ஒன்றில் உன் கட்டைவிரல், மீதியெல்லாம் வால். வாலைத் தவிர அந்த மீனுக்கு வேறு உறுப்பே கிடையாதோ என்று கேட்டேன். அது சும்மா அசைந்தாலே நாம் நாலு மிதி மிதிக்க வேண்டும், எதிரே போய் நிற்கவும் கூடாது, ஃபிளாஷ் அடிக்கவும் கூடாது, பக்கத்தில் ஒதுங்கி நின்று அது நம்மைக் கடக்கிற அந்தச் செத்த நேரத்தில் எடுத்தால் உண்டு என்றாய். “தண்ணிக்குள்ள எறங்க எறங்க செவப்புதான் மொதல்ல செத்துப்போவும். நீ அத உசுரோட கொண்டாந்துரு” என்பாய். நான் உன் பச்சைக் கலங்கலில் இருந்து நசீமின் உதட்டுச் சிவப்பைத் தேடி எடுத்துத் திருப்பி அனுப்புவேன். ‘அம்புட்டுச் செவப்பா அவன் இருந்தா வெத்தல போட்டவன்னு நெனப்பாங்க’ என்று பதில் வரும்.

அப்படி ஒரு படத்தைப் பார்த்துத்தான் நசீமின் உடம்பில் தொங்கும் குழாய்கள் எல்லாம் என்ன என்று உன்னிடம் கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். மூச்சுவிடுகிற குழாய் முதுகுச் சிலிண்டரிலிருந்து வலது தோளைத் தாண்டித்தான் வாய்க்கு வரும். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற மீட்டர் இடப்பக்கம் தொங்கும். எல்லாருக்கும் அப்படித்தான், ஏனென்றால் ஆபத்தில் பக்கத்தில் இருப்பவன் தேடாமல் எடுக்க வேண்டும். நான் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன். முந்தானை இடது தோள், மூச்சுக்குழாய் வலது தோள்.

பிறகு நீ லீவில் வந்தாய். வந்த மறுநாளே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பென் டிரைவோடு என் கடைக்கு வந்தாய். “பெரிசாப் போடணும்லே. முன்னறைச் சுவத்துக்கு. துணியில அடிச்சுச் சட்டம் போட்டுரு.”

திறந்தேன். அப்படி ஒரு நீலம். மேலே இருந்து வெயில் பட்டை பட்டையாக இறங்குகிறது. அதன் நடுவே முழு மீன், தலை முதல் வால் வரை, கோலப் புள்ளி வைத்த முதுகோடு வலப்பக்கம் பார்த்துப் போகிறது. அதற்கு அந்தப் பக்கம் சற்றுக் கீழே ஒரு முங்குபவர், அதன் முன்துடுப்பு அளவுகூட இல்லை. அந்த ஆள் இருப்பதால்தான் மீனின் பிரமாண்டம் தெரிகிறது. இத்தனை நாள் வாலாக அனுப்பிக்கொண்டிருந்தவன் இதை எடுத்தானா?

கை தன்பாட்டில் பெரிதாக்கியது. அந்த ஆளுக்கு மூச்சுக்குழாய் இடது தோள் வழியாக வந்தது. படம் திருப்பிப் போடப்பட்டிருக்கிறது! இன்னும் பெரிதாக்கினேன். அந்த ஆளின் கைப்பக்கம் நீலம் சரியில்லை. பக்கத்து நீலத்தை எடுத்து ஒற்றி ஒற்றி எதையோ மறைத்திருக்கிறது. அதுவும் புதிதாகக் கற்றுக்கொண்டவன் ஒற்றினமாதிரி ஒரே திட்டு மூன்று இடத்தில் இருந்தது. அடுத்தவன் படத்தைத் திருடுகிறவன் செய்கிற இரண்டு வேலை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். இன்டர்நெட்டில் தேடினால் சிக்காமல் இருக்கப் படத்தைத் திருப்பிப் போடுவான். படத்தில் இருக்கும் பெயரை அழிப்பான். இரண்டும் அதில் இருந்தன.

“யாருலே எடுத்தது?” என்று கேட்டுவிட்டேன்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய். கடையில் பிரின்ட் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “நான்தாம்லே எடுத்தேன்” என்றாய். மறுபடி சிரிப்பு. எனக்கு அது மாட்டிக்கொண்டவன் சிரிப்பாகப் பட்டது. போகும்போது வாசலில் நின்று, “அடுத்த லீவுல வரும்போது ஒனக்கு ஒண்ணு காட்டுதேன். அப்பப் பேசு” என்றாய். என்ன காட்டப்போகிறாய், இன்னொரு வாலையா என்று கேட்டேன். “நம்பாட்டிப் போ” என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாய்.

படத்தை அடித்துச் சட்டம் போட்டு, நானே உன் வீட்டுக்கு வந்து மாட்டினேன். ரசமட்டம் வைத்து ஆணி அடித்தேன். ரெங்கநாயகி சமையல்கட்டில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, தூரப் போய் நின்று பார்த்து, “இப்பத்தான் சரியா இருக்கு” என்றாள். நீ அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. இவளும் கூட்டா என்று நினைத்தேன். அன்றைக்கு உன் வீட்டில் சாப்பிட்ட சோறு எனக்குச் செரிக்கவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அந்த அழிபட்ட நீலத் திட்டுதான் கண்ணில் நின்றது.

அடுத்த லீவு வரவில்லை. நீ போன செய்தி கேட்டு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், கடல் கொண்டுபோய்விட்டதா என்று. கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. வேலையாட்கள் தங்குகிற அறையில், தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோயிருந்தது. நான் அதையும் நம்பாமல் நசீமுக்குப் போன் போட்டு, தெரிந்த இங்கிலீஷில் அழுது அழுது விசாரித்தேன். அவனும் அழுதான். பிறகு உன் சாமான்கள் ஒரு பெட்டியில் வந்தன. ரெங்கநாயகி அதைத் திறக்காமல் பரணில் ஏற்றச் சொன்னாள். நான்தான் ஏணி வைத்து ஏற்றினேன். உள்ளே உன் கேமரா இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதில் அந்தப் படம் இருக்காது என்றும் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அதனால்தான் யாரும் திறக்காதவரை நிம்மதியாக இருந்தேன். சந்தேகத்தில் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருக்கும். தெரிந்துபோனால் அதுவும் போய்விடும்.

இப்போது கோதை வந்து நிற்கிறாள். படத்தை வைத்துவிட்டு அவர்கள் போனதும் நானே இன்டர்நெட்டில் தேடினேன். பழைய ஃபைலை எடுத்து இப்படியும் போட்டுப் பார்த்தேன், திருப்பிப் போட்டும் பார்த்தேன். எங்கும் அகப்படவில்லை. வேறு ஒருவனாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பான். எனக்கோ, அப்படியானால் இது வெளியே வராத படம், உன்னோடு முங்குகிற எவனோ எடுத்து உனக்குத் தந்தது, அவன் பெயரைத்தான் நீ அழித்திருக்கிறாய் என்று புத்தி போயிற்று. நம் ஊரில் ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அந்த வேலை.

நாலு நாள் கழித்துக் கோதை போன் செய்தாள். குரல் சுரத்தில்லாமல் இருந்தது. “மாமா, அந்த வெப்சைட்டுக்காரங்க பதில் போட்டுட்டாங்க. அந்தப் பக்கத்துல சுத்துற மீனெல்லாம் அவங்க கணக்குல இருக்காம். அப்பா படத்துல இருக்குற மீனு எதோடயும் சேரலையாம். கேமராவுல இருந்து எடுத்த ஒரிஜினல் இருந்தா அனுப்பச் சொல்றாங்க. ஒங்ககிட்ட இருக்கா?”

“எங்கிட்ட பென் டிரைவுல வந்ததுதாம்மா இருக்கு.”

“அப்ப அப்பா பெட்டியத்தான் தொறக்கணும்.”

எதோடும் ஏன் சேரவில்லை என்று எனக்கு அந்த நொடியே தெரியும். கைரேகையைக் கண்ணாடியில் பார்த்தால் எப்படிச் சேரும்? படத்தைத் திருப்பிப் போட்டு அனுப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால், அப்பா ஏன் திருப்பினார் என்று அவள் அடுத்த கேள்வி கேட்பாள். நீ பெற்ற பிள்ளையாயிற்றே, கேட்காமல் விடுவாளா? “பெட்டியெல்லாம் எதுக்கும்மா? உப்புத்தண்ணி பட்ட கேமரா. கார்டு கெட்டுப் போயிருக்கும்” என்றேன். “பாத்துருவோம் மாமா. நீங்க வாங்க. ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று வைத்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு உன்னை வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தேன். எவன் படமாக இருந்தாலும் எடுத்தவன் பெயரைச் சொல்லிச் சுவரில் மாட்டியிருந்தால் உன் மதிப்பா குறைந்திருக்கும்? நீ ஏசி ரிப்பேர் பார்த்து மகளைப் படிக்க வைத்தவன், அது போதாதா? மேற்கே மலை முழுக்க மேகம் இறங்கி நின்றது. எனக்கு எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. உன் வீட்டு முன்னறையில் படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு நிறம் மாறாமல் சதுரமாக இருந்தது.

பெட்டியை இறக்கினோம். மூடியைத் திறந்ததும் ரப்பர் வாடையும் உப்பு வாடையும் ஒன்றாக எழும்பின. முகமூடி, கால் துடுப்பு, சாயம் போன முங்கல் உடுப்பு. ரெங்கநாயகி அந்த உடுப்பை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அடியில் துண்டில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கேமரா. ஒரு பொட்டு ஈரம் இறங்கவில்லை. கார்டு கெட்டுப் போயிருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் நேர்ந்துகொண்டதை உன்னிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோதை அதை லேப்டாப்பில் செருகிவிட்டாள்.

படங்கள் வரிசையாகத் திறந்தன. முதலில் வால். அடுத்ததும் வால். பிறகு வெறும் நீலத்தில் நசீம் நிற்கிறான், கையில் ஒரு வெள்ளைப் பலகை. முங்குகிறவர்கள் தண்ணீருக்குள் பேச முடியாமல் பென்சிலால் எழுதிக் காட்டுவார்களே, அந்தச் சின்னப் பலகை. அதில் ஏதோ கிறுக்கல், தெளிவில்லை. மீன் இல்லை. அடுத்து வேறு ஒரு நாள், தண்ணீர் கலங்கல், மறுபடி நசீம், மறுபடி பலகை, தூரத்தில் ஒரு வால். இன்னொரு நாள், நசீமின் உடுப்பு மாறியிருக்கிறது, அதே பலகை, மீனே இல்லை. “என்ன மாமா, எல்லாத்துலயும் போர்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு?” என்றாள் கோதை. எனக்கும் விளங்கவில்லை. அவள் விசையைத் தட்டிக்கொண்டே போனாள்.

வந்தது. அந்த நீலம், அந்த வெயில் பட்டை, அந்த மீன். இடப்பக்கம் பார்த்துப் போனது. நசீமின் மூச்சுக்குழாய் வலது தோளைத் தாண்டி ஒழுங்காக வந்தது. அவன் கையைத் தூக்கிப் பலகையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்திருந்தான். தமிழ் தெரியாதவன், தலைகீழாகப் பிடிக்காமல் இருந்ததே பெரிது. கோதை பெரிதாக்கினாள். உன் கையெழுத்து.

‘டவுட்டு, நான்தாம்லே எடுத்தேன்.’

கோதைக்கு ஒன்றும் புரியவில்லை. “டவுட்டுன்னா யாரு மாமா?” என்று கேட்டாள். நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் கேட்கப்போகிற கேள்விக்குக் கடலுக்கு அடியிலேயே பதில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முங்கலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய், மீன் வராமல் திரும்பி, மறுபடி போயிருக்கிறாய். அந்தப் பதிலை அழித்துவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தாய். நான் வார்த்தை பிசகாமல் அதே கேள்வியைக் கேட்டேன். நீ சிரிக்காமல் என்ன செய்வாய்?

ஆனாலும் என் புத்தியைப் பார். ஏன் அழித்தான், ஏன் திருப்பினான் என்று அந்த அழுகைக்கு நடுவிலும் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. உள்ளே போய் ரெங்கநாயகியிடம் கேட்டேன். அவள் உன் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான்தான் அண்ணாச்சி திருப்பச் சொன்னேன். போன்ல காட்டுனாவ. இந்தச் சுவத்துல மாட்டுனா மீனு தலவாசலப் பாத்துல்லா போவும்? ‘நீங்கதான் எந்நேரமும் வெளிய போய்க்கிட்டே இருக்கீய, மீனாச்சும் வீட்டப் பாத்து வரட்டும்’னேன். திருப்புனா எழுத்து தலமாறிப் போவும், டவுட்டு பாத்தா ஏசுவான்னு சிரிச்சாவ. பொறவு என்ன செஞ்சாவளோ, எனக்குத் தெரியாது.”

முகம் உள்ளே பார்க்க வேண்டும், வெளியே பார்க்கக் கூடாது. ஊரில் உள்ள மாப்பிள்ளை பெண்ணையெல்லாம் அதற்காகவே திருப்பிப் போட்டவன் நான். உன் வீட்டு மீனை ஒருத்தி அதே காரணத்துக்காகத் திருப்பியிருப்பாள் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. உன்மேல் எனக்குக் கோபம்தான். ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அடுத்த லீவு, அடுத்த லீவு என்று எதைத்தான் நீ உடனே சொல்லியிருக்கிறாய்? ஒரு வேடிக்கைக்காக என்னை இத்தனை காலம் வேகவிட்டாய்.

அன்று சாயங்காலமே கோதை அசல் படத்தை அனுப்பினாள். பதில் வந்ததும் கல்லூரி பஸ்ஸில் இருந்தே எனக்குப் போன் போட்டாள். பின்னால் பிள்ளைகள் கூச்சல். “மாமா, சேந்துருச்சு! அவங்க கணக்குல இருக்குற மீனாம். அதே எடத்துல இந்த வருசமும் பாத்திருக்காங்களாம். உசுரோட இருக்கு மாமா!” நான் சரிம்மா, சரிம்மா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒதுங்கி நின்று வழிவிட்ட மீன், உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது.

கண்காட்சிக்கு அசலைத்தான் அடித்துக் கொடுத்தேன், பலகையோடு. சிவப்பைக் கொஞ்சம்தான் கொண்டுவந்தேன், நசீம் வெற்றிலை போட்டவனாகத் தெரியவில்லை. உன் வீட்டுச் சுவருக்குப் புதிதாக ஒன்று, ரெங்கநாயகி சொன்னபடி, வீட்டைப் பார்த்து. அதில் பலகையை நானே அழித்தேன். நீ ஒற்றிய மூன்று திட்டையும் எடுத்துவிட்டு ஒழுங்காக அழித்தேன். இனி எந்தச் சந்தேகக்காரன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பழகின குணம் எங்கும் போகவில்லை. பலகையில் இருப்பது உன் கையெழுத்துதானா என்று, எல்லாம் முடிந்த பிறகும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னால் குட்டியாக ஒரு சுழி போடுவாய். பள்ளிக்கூடத்தில் அதற்கு அடி வாங்கியிருக்கிறாய். கடலுக்கு அடியிலும் அதே சுழி.

அசலில் இன்னொரு பிரதி என் கடையில், பாஸ்போர்ட் எடுக்க உட்காரும் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். யார் எடுத்தது என்று கேட்கிறார்கள். பலகையைக் காட்டுகிறேன், நீயே சொல்லிக்கொள்கிறாய். சிலர் அதைப் படித்துவிட்டு, டவுட்டு என்றால் யார் என்று கேட்பார்கள். இந்த ஊரில் இப்போது என்னை அப்படிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

நான்தான் என்று சொல்லுகிறேன்.